டபிள்யூ முப்பத்தேழு

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க சார். எனக்கு வெயில் ஒண்ணும் பண்ணாது. இருபத்திரண்டு வருஷம் நெருப்பைப் பாத்துக்கிட்டே உக்காந்தவன் நான், ஏப்ரல் மாசத்து வெயில் என்னை என்ன பண்ணிடும். அந்த அட்டைப்பெட்டி காலுக்கு இடைஞ்சலா இருந்தா என் பக்கம் தள்ளுங்க, பரவாயில்ல. தோஹான்னு எழுதியிருக்கே. கத்தார்தானே அது? கயிறு கட்டியிருக்கிற விதத்தைப் பாத்தாலே தெரியுது, லீவு முடிஞ்சு திரும்பப் போறீங்க. புதுசாப் போறவன் இவ்வளவு நிதானமா முடிச்சுப் போட மாட்டான்.

இல்ல, சும்மாதான் கேட்டேன். எனக்கு அங்கெல்லாம் போற எண்ணமே கிடையாது. மெட்ராஸ் வரைக்கும்தான் போறேன். நாளைக்குக் காலையில ஒரு டெஸ்ட் இருக்கு. கத்தார் வேலைக்குத்தான். ஆனா அது வேற விஷயம்.

என் பேர் சவரிமுத்து. திருவெறும்பூர். வெல்டர். வெல்டர்னதும் கேட்டு, கிரில்லு ஒட்டுறவன்னு நினைச்சுடாதீங்க. துவாக்குடி எஸ்டேட்ல ஒரு கம்பெனி. வெளிநாட்டு ஆலைங்களுக்குக் கொதிகலன் சாமான் செஞ்சு அனுப்புவாங்க. ஒவ்வொண்ணும் இந்த பஸ் நீளம் இருக்கும். உள்ள ஆவி ஓடும். அந்த அழுத்தத்துல ஒரு ஒட்டு விட்டுச்சுன்னா பக்கத்துல நிக்கிறவன் இருக்க மாட்டான். அந்த ஒட்டைப் போடுறவன் நான். எண்பத்தேழுல சேந்தேன், இந்த ஜனவரி வரைக்கும்.

எங்க வேலையில ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வெல்டருக்கும் ஒரு நம்பர். சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு இரும்பு பஞ்ச் குடுப்பாங்க, முனையில நம்பர் எழுந்து நிக்கும். ஒட்டை முடிச்சு, ஆறினதும், ஒரு விரல் தள்ளி வெச்சு சுத்தியலால ஒரே தட்டு. நம்பர் பதிஞ்சுடும். மேல பெயிண்ட் அடிச்சாலும் தெரியும். நாளைக்கு ஒட்டு விட்டுச்சுன்னா எவன் போட்டான்னு யாரையும் கேக்க வேணாம், பாத்தாலே போதும். என் நம்பர் டபிள்யூ முப்பத்தேழு. ஆயுத பூஜைக்கு எல்லா பஞ்சையும் தாம்பாளத்துல அடுக்கி சந்தனம், குங்குமம் வெப்பாங்க. நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன். ஆனா என் பஞ்ச்ல வெச்ச பொட்டை ஒரு வருஷம்கூட நான் துடைச்சதில்ல. அதுவா அழியட்டும்னு விட்டுடுவேன்.

தொண்ணூத்தாறுல ஒரு தடவை, தண்ணி ஏத்தி சோதிக்கிறப்ப ஒரு ஒட்டுல பொட்டுப் பொட்டா வேர்த்துடுச்சு. எல்லாரும் குனிஞ்சு நம்பரைத் தேடுறாங்க. நான் தேட விடல. அந்த வரிசை என்னுதுன்னு எனக்குத் தெரியாதா? 'என்னுதுதான்'னு முன்னாடி போய் நின்னேன். ரெண்டு நாள் சம்பளம் இல்லாம அறுத்து, திருப்பி ஒட்டிக் குடுத்தேன். எதுக்குச் சொல்றேன்னா, நல்லதுக்கும் அந்த நம்பர்தான், கெட்டதுக்கும் அந்த நம்பர்தான். ஒளிய முடியாது. அது எனக்குப் பிடிச்சுது சார்.

அங்க ரூம்ல எத்தனை பேர் இருப்பீங்க? எட்டுப் பேரா. கட்டில் மேல கட்டிலா. மேல் கட்டில் யாருக்குக் குடுப்பாங்க, புதுசா வர்றவனுக்கா? சும்மா தெரிஞ்சுக்கத்தான்.

அமெரிக்காவுல எவனோ வீடு வாங்கக் கடன் வாங்கிட்டு அடைக்காம விட்டானாம். அதுல பேங்க் படுத்துடுச்சாம். பேங்க் படுத்ததால ஆலை கட்டுறவன் பாதியில நிறுத்திட்டானாம். அவன் நிறுத்தினதால துவாக்குடியில சவரிமுத்துக்கு வேலை இல்லையாம். என் மக ரெனிட்டா பேப்பர்ல படிச்சு எனக்கு விளக்கிச் சொன்னா. நான் கேட்டேன், 'ஏம்மா, அவன் கடனுக்கு நானா ஜாமீன் கையெழுத்துப் போட்டேன்?' அவ சிரிச்சா. பிலோமி சிரிக்கல. பிலோமினா, என் வீட்டுக்காரி.

நவம்பர்ல ஓவர்டைம் நின்னுச்சு. டிசம்பர்ல வாரத்துக்கு மூணு நாள்தான் வேலைன்னாங்க. பொங்கல் முடிஞ்சு போனா பதினாலு பேரை ஆபீஸுக்குக் கூப்பிட்டாங்க. மேனேஜர் மூர்த்தி சார் கண்ணாடியைக் கழட்டிட்டு அழுதார். நல்ல மனுஷன்தான். அவர் அழுதார், நான் அழல. செஞ்சு முடிச்ச சாமான் நாலு யார்டுல கிடக்கு சார், எடுக்க ஆளில்லாம. மழையில துருப்பிடிச்சு, என் நம்பரோட.

வெளிய வர்றப்ப ஸ்டோர்ல சாமானை ஒப்படைக்கணும். ஸ்டோர் கீப்பர் தங்கையா லிஸ்ட்டைப் படிக்கிறான். ஷீல்டு, குடுத்தேன். கிளவுஸ், குடுத்தேன். தோல் ஏப்ரன், குடுத்தேன். பஞ்ச்னான். அது எதுக்குடான்னு கேட்டேன். 'நாளைக்கு நிலைமை சரியானா புது ஆளுக்குக் குடுக்கணும்லண்ணே'ங்கறான். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. என் நம்பரை எவனோ ஒருத்தனுக்கு. அவன் எங்கயாவது ஓட்டை விட்டு வெப்பான், குனிஞ்சு பாக்குறவன் முப்பத்தேழும்பான். 'தொலைஞ்சு போச்சு, எழுதிக்க'ன்னேன். பஞ்ச் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. தங்கையா என் பையைப் பாத்தான், மூஞ்சியைப் பாத்தான், தொலைந்ததுன்னு எழுதி நூத்தம்பது ரூபா பிடிச்சுக்கிட்டான். அப்ப அது காசு குடுத்து வாங்கினதுதானே? திருட்டுன்னு சொல்ல முடியாது.

அப்புறம் நான் ஒண்ணும் சும்மா உக்காந்துடல. மறு வாரமே காட்டூர்ல ஒரு கிரில் பட்டறையில சேந்தேன். சதுரக் கம்பியும் தகரமும். கண்ணை மூடிக்கிட்டு ஒட்டலாம். எட்டு நாள் இருந்தேன். ஒன்பதாவது நாள் ஒரு வீட்டுக் கேட்டைக் கொண்டு போய் மாட்டினோம். அந்த வீட்டுக்காரர் தடவித் தடவிப் பாத்துட்டு, 'என்னய்யா, பழைய இரும்பைப் போட்டுட்டீங்களா, ஏதோ நம்பர்லாம் இருக்கு'ங்கறார். கீல் பக்கத்துல, பூட்டுப் பக்கத்துல, எல்லாத்துலயும் டபிள்யூ முப்பத்தேழு. கை அடிச்சுட்டுப் போயிருக்கு. நான் அவர்கிட்ட, 'ஐயா, இந்த நம்பர் இருக்கிற கேட்டு திருச்சி ஜில்லாவுலயே உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு'ன்னேன். அவருக்குப் புரியல. பட்டறை முதலாளி, அண்ணே நாளையிலேர்ந்து வர வேணாம்னான். நானே நிக்கிறதாத்தான் இருந்தேன்.

வீடு ஓடுது சார், அதுக்கென்ன. பிலோமி ஏதோ தைக்கிறா. அவளுக்கும் பொழுது போகணும்ல. முன்னெல்லாம் நாளைக்கு ரெண்டு ஜாக்கெட் தைப்பா, இப்ப எட்டு. கழுத்து வலிக்குதுன்னு தைலம் தேய்க்கச் சொல்லுவா, நானும் தேச்சு விடுவேன். ரெனிட்டா இப்பத்தான் பிளஸ் டூ எழுதி முடிச்சா. நர்ஸிங் படிக்கணுங்கறா. ஜூன்ல சேக்கணும். சேத்துடுவேன். நான் உயிரோட இருக்கிற வரைக்கும் என் மக ஃபீஸுக்கு எவன் வாசல்லயும் நிக்க மாட்டா.

அதுக்குத்தான் இந்தக் கத்தார் பேச்சே வந்துச்சு. பிலோமியோட தம்பி லூர்து ஒரு ஏஜெண்ட்டைப் பிடிச்சான். துபாய்ல ஆளைத் திருப்பி அனுப்புறாங்க, ஆனா கத்தார்ல கேஸ் ஆலைக்கு வெல்டர் எடுக்குறாங்க, மாமா வாங்கன்னான். எனக்கு இஷ்டமே இல்ல. ஆனா வீட்டுல இருக்கிறவங்க மனசு நோகக்கூடாதுல்ல. சரின்னேன். போன மாசம் மெட்ராஸ்ல, பாடி பக்கம் ஒரு ஷெட்ல டெஸ்ட்.

பெரம்பலூரா இது? அதுக்குள்ள வந்துடுச்சா. வெள்ளரிப்பிஞ்சு சாப்பிடுறீங்களா? அங்க இதெல்லாம் கிடைக்குமா? கிடைக்குமா. சரி.

நாப்பது பேர் வந்திருந்தாங்க. பாதிப் பேர் என்னை மாதிரி வேலை போனவங்க. எனக்கு முன்னாடி நின்னவன் ஓசூர்க்காரன், மூணு தடவை கிளவுஸைக் கழட்டிக் கழட்டி மாட்டினான். நான் ஒரே தடவைதான் மாட்டினேன். டெஸ்ட் எடுக்க வந்தவர் குரியன்னு ஒரு மலையாளத்துக்காரர், வெள்ளைத் தாடி. எல்லாரையும் நிக்க வெச்சுத் தெளிவாச் சொன்னார். குழாயைச் சாய்ச்சு நிறுத்தியிருக்கும், குழாயைத் திருப்பக்கூடாது, நீங்கதான் சுத்தி வந்து ஒட்டணும். முடிச்ச குழாய்ல பேரோ, நம்பரோ, வேற எந்த அடையாளமோ போடக்கூடாது. இதுக்கு முன்னால ஏஜெண்ட்டுங்க குழாய்ல கோடு கிழிச்சு, இது நம்ம ஆளுன்னு காட்டிப் பாஸ் வாங்கியிருக்காங்களாம். அதனால சாக்பீஸ்ல அவங்களே ஒரு நம்பர் எழுதுவாங்க, யாரு எந்த நம்பர்னு சீட்டுல இருக்கும், ரிசல்ட் வந்தப்புறம்தான் சீட்டைப் பிரிப்பாங்க. எனக்குப் பதினாலு.

சாக்பீஸ் சார். கை பட்டா அழியும்.

ரெண்டரை மணி நேரம். நான் ஒட்டினதை நீங்க பாத்திருக்கணும். மீன் செதில் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு. கசடு தட்டுறதுக்குச் சுத்தியல் குடுத்திருந்தாங்க, தட்டித் துடைச்சேன். பளபளன்னு நிக்குது. ஓசூர்க்காரன் வேலையை விட்டுட்டு வந்து பாத்துட்டுப் போறான். அப்பத்தான், டக்.

ஷெட்டே திரும்பிப் பாத்துச்சு. எனக்கே அந்தச் சத்தம் கேட்டப்புறம்தான் தெரியும். டபிள்யூ முப்பத்தேழு. அழகா, நேரா, ஒரு விரல் தள்ளி.

குரியன் வந்தார். கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு என் ஒட்டை ரொம்ப நேரம் பாத்தார். நல்ல வேலைன்னார். அப்புறம், 'இதை எக்ஸ்ரேக்கு அனுப்ப முடியாது'ன்னார். ஒட்டுக்குள்ள ஓட்டை இருக்கான்னு அதுலதான் தெரியும். எடுத்துத்தான் பாருங்களேன்னேன். 'எக்ஸ்ரே விஷயமில்ல சேட்டா, போடக்கூடாதுன்னு நான் சொன்னேன்ல'ன்னார். எனக்குக் கோவம் ஏறிடுச்சு. 'சார், நான் செஞ்ச வேலையில என் நம்பர் இல்லாம இதுவரைக்கும் ஒரு குழாய் வெளிய போனதில்ல. பயப்படுறவன்தான் நம்பர் போடாம ஒட்டுவான். உங்க சாக்பீஸை நீங்களே வெச்சுக்குங்க'ன்னேன். அவர் என் குழாயை எடுத்துத் தனியா வெச்சுட்டார். நானும் நிமிந்துதான் நடந்து வந்தேன். நாப்பது பேர் பாத்தாங்க.

வீட்டுல இதை அப்படியே சொல்ல முடியுமா? வேணும்னே கழிச்சுட்டாங்க, முன்னாடியே ஆள் எடுத்து வெச்சிருக்காங்கன்னு சொன்னேன். லூர்து, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு முணுமுணுத்தான். நான் காதுல வாங்கல. மறுநாள் ஏஜெண்ட் போன் பண்ணி பிலோமிகிட்ட உள்ளதைச் சொல்லிட்டான். அவ மெஷினை நிறுத்திட்டு என்னைப் பாத்தா. கைப்பழக்கம்டி, இருபத்திரண்டு வருஷப் பழக்கம், கை தானா அடிச்சிடுச்சுன்னேன். அவ கத்தல சார். கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன். ஒரே ஒரு கேள்வி கேட்டா.

'சரி. கை தானா அடிச்சுது. பஞ்ச் எப்படிங்க மெட்ராஸ் போச்சு?'

டெஸ்ட்டுக்கு ஒரு சாமானும் கொண்டுவர வேணாம், எல்லாம் அங்கயே குடுப்பாங்கன்னு ஏஜெண்ட் ரெண்டு தடவை சொல்லியிருந்தான். உடுத்தியிருக்கிற துணியோட வந்தா போதும்னான். காலையில சட்டை மாட்டுறப்ப பீரோவைத் திறந்து, துணிக்கு அடியிலேர்ந்து அதை எடுத்துப் பையில போட்டது நான்தான். ஏன் போட்டேன்? நீங்களே சொல்லுங்க. ராசிக்குப் போட்டேன். சிலபேர் ஜெபமாலை எடுத்துட்டுப் போறதில்லையா, அது மாதிரிதான். அதைத்தான் பிலோமிகிட்டயும் சொன்னேன். 'ஜெபமாலையும் பீரோவுலதான் இருந்துச்சு'ன்னா.

போறதுக்குப் பயந்துக்கிட்டு நானே காரியத்தைக் கெடுத்துக்கிட்டேன்னு அவளுக்கு நினைப்பு. வாய்விட்டுச் சொல்லல, ஆனா எனக்குத் தெரியும். பயமாவது. எனக்கென்ன சார் பயம்? நூத்தி அம்பது அடி உசரத்துல கயித்துல தொங்கிக்கிட்டு ஒட்டியிருக்கேன். அதிருக்கட்டும், முதல்ல போனப்ப உங்களுக்குத் தூக்கம் வந்துச்சா? எத்தனை நாள் ஆச்சு? மூணு மாசமா? அவ்வளவு நாளா. நீங்க கொஞ்சம் இளகின மனசுக்காரர்னு நினைக்கிறேன்.

அப்புறம் அவ என்ன பண்ணா தெரியுமா? ஒருநாள் நான் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம், பஞ்ச்சை எடுத்துக்கிட்டு பஸ் ஏறி கம்பெனிக்கே போயிட்டா. அவங்க பொருளை அவங்ககிட்டயே குடுத்துட்டா இந்தப் பிசாசு விட்டுடும்னு. அங்க போனா கேட்டுல வாட்ச்மேன் மட்டும்தான். தங்கையா கணக்கு முடிக்க வந்திருந்திருக்கான், உள்ள கூப்பிட்டானாம். மெஷினெல்லாம் கிலோ கணக்குல எடை போட்டு ஏத்திக்கிட்டு இருக்காங்களாம். பஞ்ச்சைக் கையில குடுத்தா அவன் வாங்கலையாம். 'அக்கா, முப்பத்தேழை யாருக்கும் குடுக்கல. இனிமே குடுக்கவும் போறதில்ல. அண்ணனே வெச்சுக்கட்டும்'னானாம்.

பாத்தீங்களா சார்? அதைத்தான் நான் சொல்றேன். குடுக்கல. என் நம்பரை இன்னொருத்தனுக்குக் குடுக்க அவங்களுக்கே மனசு வரல. பிலோமி, கம்பெனியே இல்லைன்னா நம்பரை யாருக்குக் குடுக்கிறதுன்னு கேக்குறா. அவளுக்கு இதெல்லாம் விளங்காது. வந்தவ பஞ்ச்சை என் சாப்பாட்டுத் தட்டுப் பக்கத்துல வெச்சா. 'அவங்களுக்கு வேணாமாம். இனிமே இது உங்க இஷ்டம்'னுட்டு மெஷின்ல போய் உக்காந்துட்டா. ரசம் ஊத்தக்கூட எந்திரிக்கல.

விக்கிரவாண்டி தாண்டிட்டோமா? டீ சுமார்தான், காசு மட்டும் தங்க விலை.

போன வாரம் ஏஜெண்ட் திருப்பிக் கூப்பிட்டான். குரியனே கேட்டாராம், 'அந்த நம்பர் அடிச்ச ஆளை இன்னொரு தடவை வரச் சொல்லு'ன்னு. விதியில இல்லையாம், அவரா தன் பொறுப்புல சேத்துக்குறாராம். கடைசித் தடவையாம். அவங்களுக்கும் ஆள் வேணுமே, என்னை மாதிரி ஒட்டுறவன் எங்க கிடைப்பான். நான் உடனே சரின்னு சொல்லிடல. ஒரு அஞ்சு நிமிஷம் யோசிச்சுத்தான் சொன்னேன்.

இன்னைக்குக் காலையில கிளம்புறேன். ரெனிட்டா என் நெத்தியில சிலுவை போட்டு விட்டா. பிலோமி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தா. வர்ற வழியெல்லாம் மருந்து, துண்டு, சோத்து டப்பா, இதே பேச்சு. பஸ் வந்ததும் சட்டைக் காலரைச் சரிபண்ற மாதிரி கையைக் கொண்டு வந்து என் பையைத் தொட்டுப் பாத்தா. திட்டியிருக்கலாம், எடுத்துக் குடுங்கன்னு கேட்டிருக்கலாம். பையைத் தடவி விட்டுட்டு, 'போயிட்டு வாங்க'ன்னா. அவ்வளவுதான். சமயபுரம் தாண்டுற வரைக்கும் என்னால தலை நிமிர முடியல. வெளிய நிக்கிறவளைப் பாக்க முடியாமத்தான் உங்ககிட்ட ஜன்னல் சீட்டைக் குடுத்தேன், வெயிலுக்காக இல்ல.

ஆமா, இருக்கு. இதோ. கையில வாங்கிப் பாருங்க. இந்தத் தலைப்பக்கம் காளான் மாதிரி விரிஞ்சிருக்கு பாருங்க, அதெல்லாம் என் அடி. இருபத்திரண்டு வருஷத்துல எத்தனை ஒட்டுன்னு எனக்கே தெரியாது. மூணு நாட்டுல நிக்குது இந்த நம்பர். நான் எந்த நாட்டையும் பாத்ததில்ல.

பயம் இருக்கு சார். உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, திரிசூலத்துல ஏர்போர்ட்டுக்கு இறங்கிப் போயிடுவீங்க. நாப்பத்தாறு வயசு. மேல் கட்டில்ல ஏறிப் படுத்துக்கிட்டு, நான் யாருன்னு தெரியாத ஒரு ஊர்ல, சாக்பீஸ் நம்பரா. ஆனா பிலோமியோட கழுத்து இருக்கே, அது இப்பல்லாம் இடப்பக்கம் திரும்ப மாட்டேங்குது. தைலம் தேய்க்கிறவனுக்குத் தெரியாதா?

தாம்பரம் வந்துடுச்சு. அடுத்து நீங்க இறங்கணும். ஒரு உதவி பண்ணுங்க. இதை நீங்க வெச்சுக்குங்க. இல்ல, திருப்பிக் குடுக்காதீங்க, சொல்றதைக் கேளுங்க. இது பையில இருந்தா நாளைக்கு என் கை சும்மா இருக்காது. தூக்கிப் போடவும் மனசு வராது. பெரிய பெட்டிக்குள்ள போட்டுடுங்க, கைப்பையில வேணாம், பிடிச்சுடுவாங்க. தோஹாவுல உங்க கட்டிலுக்கு அடியில கிடக்கட்டும். நான் வந்து வாங்கிக்கிறேன்.

வருவேனான்னா? என்ன சார் கேள்வி. என் பஞ்ச் அங்க இருக்கிறப்ப நான் இங்க இருந்துடுவேனா? அவங்க எந்த நம்பர் வேணா குடுக்கட்டும், சாக்பீஸ்ல எழுதட்டும், பேப்பர்ல எழுதட்டும். நாளைக்கு வெறுங்கையோட போய் ஒட்டிட்டு வரேன். நம்பர் இல்லாட்டியும் அது என் ஒட்டுன்னு அந்தக் குரியனுக்குத் தெரியும்.

உங்களை எங்கன்னு வந்து தேடுறது? பெட்டியில எழுதியிருக்கா? இருங்க, குனிஞ்சு பாக்குறேன். திருச்சியிலேர்ந்து காலுக்குப் பக்கத்துலயே இருக்கு, தோஹாங்கறதை மட்டும்தான் படிச்சிருக்கேன். காதர் பாட்சா. அட. இவ்வளவு தூரம் பேசிட்டு வந்தேன், உங்க பேரைக் கேக்கவே இல்லையே பாய்.